70 மி.மீ. இடிஎஃப் ஜெட்டில் அதிர்வு: மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைக்கலாமா?

வால்காற்று:

வணக்கம். ரேடியோ கண்ட்ரோல் மாடல் விமானம், 70 மி.மீ. இடிஎஃப் (குழாய்க்குள்ள மின்மோட்டார்ல சுத்துற ஃபேன்) ஜெட் ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்கேன். ஈபிஓ ஃபோம் உடல், பறக்கும் எடை 1.6 கிலோ வரும். 12 பிளேடு ரோட்டர் (சுத்துற ஃபேன்), 2300 கேவி (சுமையில்லாம ஒரு வோல்ட்டுக்கு 2300 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு அவ்வளவு சுத்து) அவுட்ரன்னர் (வெளிக்கூடு சுத்துற மோட்டார்), 4 மி.மீ. ஷாஃப்ட், 80 ஆம்ப் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற பலகை), 6எஸ் (ஆறு செல்) 4000 எம்ஏஎச் பேட்டரி. முழு த்ராட்டில்ல வாட்மீட்டர் 64 ஆம்ப், 22.3 வோல்ட் காட்டுது.

பாதி த்ராட்டில் வரைக்கும் சுத்தமா ஓடுது. 60-65 சதவீதத்துல வால் பகுதி முழுக்க "ம்ம்ம்"னு உறுமுது, எலிவேட்டர்ல விரல் வெச்சா கூசுது. 75 தாண்டினா அது குறையுது. ஆனா முழு த்ராட்டில்ல ஷ்ரௌட் (ஃபேனைச் சுத்தியிருக்குற குழாய்) மேல கை வெச்சா வேற மாதிரி, பொடிப்பொடியா ஒரு நடுக்கம். கைரோ (விமானத்தைத் தானா நிலைப்படுத்துற கருவி) ஆன் பண்ணா எலிவேட்டர் சர்வோ துடிக்குது. நாலு மோட்டார் ஸ்க்ரூவுல ஒண்ணு தானா லூஸ் ஆகியிருந்துச்சு.

ரோட்டரைக் காந்த பேலன்சர்ல வெச்சு பேலன்ஸ் பண்ணியாச்சு, எந்தப் பக்கமும் சாயலை. குளோ எஞ்சின் (மெத்தனால்ல ஓடுற சின்ன எஞ்சின்) ட்ரெயினர்ல போடுற சாஃப்ட் மவுண்ட் மாதிரி, மோட்டாருக்கும் ஸ்டேட்டர் (ரோட்டருக்குப் பின்னால அசையாம நிக்கிற பிளேடு வளையம்) நடுவுல இருக்குற தட்டுக்கும் இடையில 1 மி.மீ. ரப்பர் வாஷர் நாலு வெச்சா சரியாகுமா? இல்ல வாலைக் கெட்டிப்படுத்தணுமா? ரோட்டரையே மாத்தணுமா?

மைக்ரான்:

ரப்பர் வேண்டாம். மோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவில் எந்த மெத்தையும் கூடாது.

புரொப்பெல்லர் விமானத்தில் அது செல்லும், ஏனென்றால் புரொப்பெல்லரைச் சுற்றி வெட்டவெளி. எஞ்சின் 2 மி.மீ. ஆடினாலும் எதிலும் இடிக்காது. இங்கே பிளேடு நுனிக்கும் ஷ்ரௌட் சுவருக்கும் இடைவெளி 0.3 முதல் 0.5 மி.மீ. மட்டுமே. நான்கு ரப்பர் வாஷரும் ஒரே அளவு அமுங்கப் போவதில்லை. மோட்டார் தட்டிலிருந்து ரோட்டர் சுமார் 45 மி.மீ. முன்னால் தொங்குகிறது, மோட்டார் அரை டிகிரி சாய்ந்தால் போதும், ரோட்டர் இருக்கும் இடத்தில் அது கிட்டத்தட்ட 0.4 மி.மீ. நகர்வு. இடைவெளி காலி. நுனி வேகம் நொடிக்கு 145 மீட்டருக்கு மேல். உரசினால் பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கம் இழுபடும், அதனால் சமநிலை இன்னும் கெடும், கடைசியில் பிளேடு பிய்ந்து போகும்.

உங்களிடம் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. சுழலும் பகுதியில் எங்கோ எடை மையம் விலகியிருக்கிறது. அது தரும் உதறல் சுற்று வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 60 சதவீதத்தில் சுமார் 27,000 ஆர்பிஎம், முழுதாகத் திறந்தால் 40,000 என்று வையுங்கள் (2300 கேவியை 22.3 வோல்ட்டால் பெருக்கினால் 51,000, சுமையோடு அதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல் கிடைக்கும்). அப்படியானால் 27,000-இல் இருக்கும் விசை 40,000-இல் இருப்பதில் பாதிகூட இல்லை. குறைந்த விசைக்கு வால் அதிகமாக ஆடுகிறது என்றால் அது ஒத்ததிர்வு. வாலின் இயல் அதிர்வெண் ஒன்று 450 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. முழு த்ராட்டிலில் வரும் பொடி நடுக்கம்தான் உங்கள் உண்மையான சமநிலைப் பிழை. அதை முதலில் கொல்லுங்கள். வாலுக்குத் தீனி போடுவதும் அதுதான் என்பதால் உறுமலும் பெரும்பாலும் கூடவே அடங்கும்.

எவ்வளவு சின்னப் பிழை எவ்வளவு பெரிய உதறலாகிறது என்பதைக் கணக்காகப் பாருங்கள். 15 மி.மீ. ஆரத்தில் 0.1 கிராம் அதிகம் இருந்தால் 40,000 ஆர்பிஎம்மில் அது 26 நியூட்டன், அதாவது 2.7 கிலோ எடைக்குச் சமமான விசை, நொடிக்கு 667 முறை திசை சுற்றி இழுக்கிறது. உங்கள் ஃபேன் தரும் மொத்தத் தள்ளுவிசையே ஏறக்குறைய அவ்வளவுதான். 10 மில்லிகிராம் என்றாலும் 270 கிராம் விசை.

காந்த பேலன்சர் ஏன் ஏமாற்றுகிறது? அதில் ரோட்டர் பேலன்சரின் கூம்புகளில் மையம் பிடிக்கிறது. ஜெட்டில் அது அடாப்டரின் (ரோட்டரை மோட்டார் ஷாஃப்டோடு இணைக்கும் துண்டு) மேல் உட்காருகிறது. இரண்டு மையமும் ஒன்று என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. 28 கிராம் ரோட்டர் 0.01 மி.மீ. தள்ளி உட்கார்ந்தாலே 40,000-இல் அரை கிலோ விசை. பேலன்சரில் நீங்கள் செய்த வேலை வீண் என்று சொல்லவில்லை. அது முதல் படி மட்டும்.

எனவே பகுதி பகுதியாகப் பிரித்து ஓட்டுங்கள். ஃபேனை உடலிலிருந்து கழற்றி, ஷ்ரௌட் ஃபிளேஞ்சைக் கனமான பலகையில் திருகிவிடுங்கள். முதலில் வெறும் மோட்டார். பாதி த்ராட்டிலுக்கு மேல் போக வேண்டாம், சில நொடிகள் போதும். சுமை இல்லாமல் 6எஸ்-இல் முழுதாகத் திறந்தால் பேரிங் தாங்கும் வேகத்தைத் தாண்டலாம். ஷ்ரௌட்டில் விரல் நுனி வைத்துப் பாருங்கள். அவுட்ரன்னரில் வெளி மணியே (சுழலும் வெளிக்கூடு) சமநிலை தப்பியிருக்கக் கூடும். அடுத்து மோட்டாரோடு அடாப்டர். பிறகு ரோட்டர், கடைசியில் ஸ்பின்னர் (ரோட்டரின் முன் கூம்பு மூடி). எந்தக் கட்டத்தில் நடுக்கம் நுழைகிறதோ அங்கேதான் பிழை. ஸ்பின்னரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது இரண்டு மூன்று கிராம்தான், ஆனால் நடுத் திருகு ஒன்றில் மட்டும் நிற்கும் ஸ்பின்னர் பக்கவாட்டில் நழுவ இடம் உண்டு.

அடாப்டரை டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். 0.01 மி.மீ. அளவு காட்டும் கேஜ் போதும். ஷாஃப்டில் ஒரு முறை, அடாப்டரில் ரோட்டர் உட்காரும் இடத்தில் ஒரு முறை. கையால் மெதுவாகச் சுற்றி, முள் குறைந்தபட்சத்திலிருந்து அதிகபட்சம் வரை எவ்வளவு போகிறது என்று குறியுங்கள். அதில் பாதிதான் மைய விலகல்.

எதை ஓட்டும்போதும் ரோட்டர் சுழலும் தளத்துக்கு நேராக முகம் வேண்டாம், கண்ணாடி போடுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் தளர்வான சட்டைக் கை, துணி, வயர் எதுவும் இருக்கக் கூடாது.

வால்காற்று:

நன்றி சார். அளந்துட்டேன். ஷாஃப்ட் 0.01. அடாப்டர்ல ரோட்டர் உக்கார்ற இடம் 0.06! வெறும் மோட்டார் வெண்ணெய் மாதிரி ஓடுது, அடாப்டர் மட்டும் போட்டாலும் பெருசா தெரியலை, ரோட்டர் ஏறினதும் ஆரம்பிக்குது. அடாப்டர் பக்கவாட்டுல ரெண்டு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) வெச்ச மாடல். இதையே சரி பண்ண முடியுமா?

லேத்பட்டறை:

0.06-னா மையம் 0.03 தள்ளி இருக்கு. 28 கிராம் ரோட்டருக்கு முழு வேகத்துல ஒண்ணரை கிலோ உதறல். தேட வேண்டியது கிடைச்சாச்சு.

அடாப்டர் மட்டும் சுத்தும்போது தெரியாதது ஏன்னா அதுக்கு எடை கம்மி, ரெண்டு மூணு கிராம். ரோட்டர் அது மேல ஏறினதும் மொத்த எடையும் தள்ளிப் போன மையத்துல சுத்துது.

கிரப் ஸ்க்ரூ மாடல்ல இது பிறவிக் கோளாறு. அடாப்டர் ஓட்டை ஷாஃப்டை விட ஒரு மயிரிழை பெருசா இருந்தாத்தான் உள்ள நுழையும். ஸ்க்ரூவை ஒரு பக்கம் முறுக்கினா அடாப்டர் முழுக்க எதிர்ப் பக்கம் தள்ளப்படும். ஓட்டை 4.05 இருந்தா 0.025 தள்ளிப் போறது நிச்சயம். அதுல டயல் 0.05 காட்டும். எவ்வளவு நேர்த்தியா முறுக்கினாலும் தப்பாது. ரெண்டு ஸ்க்ரூவும் 180 டிகிரி எதிரெதிரா இருந்தா ஒண்ணை கால் திருப்பு தளர்த்தி இன்னொண்ணை முறுக்கி டயலைப் பாத்துக்கிட்டே நடுவுக்குக் கொண்டு வரலாம்; 90 டிகிரில இருந்தா அதுவும் முடியாது. பேசாம காலெட் மாடலுக்கு மாறிடுங்க. பிளவு விட்ட கூம்பு ஷாஃப்டைச் சுத்தி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கும், மையம் தானா வரும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது:

ஷாஃப்ட்ல பழைய கிரப் ஸ்க்ரூ குத்தின தழும்பு இருக்கும். அதைச் சுத்தி மேடு எழும்பியிருக்கும். 600 நம்பர் எமரி ஷீட்ல அந்த மேட்டை மட்டும் தேய்ச்சு எடுங்க. மேடு இருந்தா காலெட்டும் சாயும். தேய்க்கும்போது பேரிங் பக்கம் ஈரத் துணி சுத்திக்குங்க, தூள் உள்ள போனா பேரிங் போச்சு.

ஷாஃப்டையும் காலெட் உள்பக்கத்தையும் ஐசோப்ரொப்பைல்ல துடைங்க. எண்ணெய் இருந்தா வழுக்கும்.

காலெட்டை லேசா பிடிக்க விட்டு, டயல் வெச்சு, உயர்ந்த பக்கத்தை மார்க்கர்ல குறிச்சு, தளர்த்தி, காலெட்டை ஷாஃப்ட் மேல 90 டிகிரி திருப்பி மறுபடி பாருங்க. நாலு நிலையில எது கம்மியோ அதுல முறுக்குங்க. ஷாஃப்ட் பிழையும் காலெட் பிழையும் ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்குற நிலை ஒண்ணு இருக்கும். 0.02-க்குள்ள வந்தா இந்த சைஸ் ஃபேனுக்கு நல்லது. கூம்புல உக்கார்ற ரோட்டர்னா ரோட்டரையும் இதே மாதிரி அடாப்டர் மேல திருப்பித் திருப்பி மாட்டிப் பாக்கலாம்.

நட்டை வெறி பிடிச்சு முறுக்க வேண்டாம். ரோட்டர் நடுப்பாகம் பிளாஸ்டிக், அதிகம் முறுக்கினா அமுங்கி ஒரு பக்கம் சாயும். முறுக்கினப்புறம் பிளேடு நுனிக்கும் சுவருக்கும் நடுவுல ஃபீலர் கேஜ் விட்டு நாலு இடத்துல பாருங்க. 0.15 தகடு ஓர் இடத்துல கூட சிக்கக் கூடாது. சிக்கினா ரோட்டரைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஷ்ரௌட்டைப் பாருங்க. ஃபோம் பள்ளம் இறுக்கமா இருந்து ஷ்ரௌட்டை முட்டை வடிவத்துக்கு நசுக்கியிருக்கும். வெளியில இருக்கும்போது வட்டமா, உள்ள வெச்சா நீள்வட்டமா இருந்தா ஃபோமைச் செதுக்கணும்.

பிளாக்பாக்ஸ்:

காலெட் போட்ட பிறகும் எஞ்சியிருக்கும் பிழையை, எல்லாம் மாட்டிய நிலையிலேயே தீர்க்கலாம். இதுதான் சரியான முறையும் கூட; மோட்டார் மணி, அடாப்டர், ரோட்டர், ஸ்பின்னர் எல்லாவற்றின் பிழையும் சேர்ந்து ஒரே ஓர் எடையில் அடங்கிவிடும். பழைய ட்ரோனிலிருந்து கழற்றிய எஃப்சி (பறப்பைக் கட்டுப்படுத்தும்) போர்டு, லாக் எழுதும் வசதியோடு இருந்தால் போதும்.

கைபேசியின் அதிர்வு மீட்டர் ஆப் இதற்கு உதவாது. அதன் முடுக்கமானி பெரும்பாலும் நொடிக்குச் சில நூறு முறைதான் அளவெடுக்கிறது. 400 ஹெர்ட்ஸ் அதிர்வை அது பார்க்கவே பார்க்காது, அல்லது வேறு ஏதோ அதிர்வெண்ணாகப் பொய் காட்டும். மைக் எடுக்கும் ஒலியும் அளவு சொல்லாது. ஆனால் ஆர்பிஎம் கண்டுபிடிக்க ஒலி நல்லது: 12 பிளேடு என்பதால் ஓசையின் உச்ச அதிர்வெண்ணை 12-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள். 4,800 ஹெர்ட்ஸ் என்றால் 24,000 ஆர்பிஎம்.

போர்டை மெல்லிய, கடினமான இருபக்க டேப்பில் ஷ்ரௌட்டின் மேலேயே ஒட்டுங்கள். ஃபோம் டேப் வேண்டாம், அது அதிர்வைத் தின்றுவிடும். கைரோ லோபாஸ், டைனமிக் நாட்ச் என்ற வடிகட்டிகள் எல்லாவற்றையும் அணைத்து, வடிகட்டாத கைரோவை 2 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். அதில் 1,000 ஹெர்ட்ஸ் வரை தெரியும், நமக்கு 667 போதும். சிப்பின் உள் வடிகட்டி உயர் அதிர்வெண்ணைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும்; பரவாயில்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை.

முறை இது. நான்கு ஓட்டம், ஒரு தாள், ஒரு காம்பஸ்.

1. பிளேடுகளுக்கு ஒரே திசையில் 1 முதல் 12 வரை எண் போடுங்கள். 1 என்பது 0 டிகிரி, 5 என்பது 120, 9 என்பது 240.

2. 24,000 ஆர்பிஎம் போல, ஒத்ததிர்வு இல்லாத ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். சோதனை எடை இல்லாமல் ஓட்டி 400 ஹெர்ட்ஸ் உச்சத்தின் உயரத்தைக் குறியுங்கள். பேட்டரி இறங்க இறங்க ஒரே த்ராட்டிலில் வேகம் குறையும். த்ராட்டில் எண்ணை நம்பாதீர்கள், உச்சம் எந்த ஹெர்ட்ஸில் நிற்கிறது என்பதைப் பார்த்து நான்கு ஓட்டத்தையும் அதே வேகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

3. சோதனை எடை: சாதாரண செல்லோ டேப் 10 மி.மீ. சதுரம் ஏறக்குறைய 5 மில்லிகிராம். நகைக்கடைத் தராசு போல 0.001 கிராம் காட்டும் சின்னத் தராசு இருந்தால் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒட்ட வேண்டிய இடம் ரோட்டர் நடுப்பாகத்தின் உள்சுவர், பின்பக்கக் குழிவில். அங்கே சுழற்சி அதைச் சுவரோடு அழுத்தும். வெளிச்சுவரிலோ பிளேடிலோ ஒட்டினால் பிய்த்துக்கொண்டு போகும். 15 மி.மீ. ஆரத்தில் 40,000 ஆர்பிஎம் என்பது புவியீர்ப்பைப் போல 26,000 மடங்குக்கு மேல். உங்கள் 5 மில்லிகிராம் டேப் அங்கே 130 கிராமுக்கு மேல் கனக்கிறது.

4. அதே டேப்பை 1-இன் நேரே, பிறகு 5, பிறகு 9 என்று மாற்றி மாற்றி ஒட்டி ஒவ்வொரு முறையும் அளவெடுங்கள்.

இனி தாளில். உதாரணமாக எடை இல்லாமல் 10, பிளேடு 1-இல் 15.8, 5-இல் 10.7, 9-இல் 6.6 வந்தது என்று கொள்வோம். 10 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். அதன் விளிம்பில் 0, 120, 240 டிகிரியில் மூன்று புள்ளி. 0 புள்ளியை மையமாக வைத்து 15.8 செ.மீ. வட்டம், 120-இல் 10.7, 240-இல் 6.6. மூன்றும் ஏறத்தாழ ஓர் இடத்தில் வெட்டிக்கொள்ளும். இந்த எண்களுக்கு அந்த இடம் நடு மையத்திலிருந்து 6 செ.மீ. தூரத்தில், 200 டிகிரியில் வரும். திருத்த எடை என்பது சோதனை எடையை 10-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தது: 8.3 மில்லிகிராம். வைக்க வேண்டிய இடம் 200 டிகிரி, அதாவது பிளேடு 7-க்கும் 8-க்கும் நடுவில், 8-க்குச் சற்றுப் பக்கம்.

மூன்று வட்டமும் ஓர் இடத்தில் கூடாமல் பெரிய முக்கோணமாக விலகி நின்றால் அளவு நம்பத்தக்கதல்ல. ஏதோ ஒன்று தளர்வாக இருக்கிறது, அல்லது ஓட்டங்களுக்கு இடையே வேகம் மாறியிருக்கிறது. அப்போது எடை ஒட்டிப் பயனில்லை, தளர்வைத் தேடுங்கள்.

டேப்பில் சரிபார்த்த பிறகு நிரந்தரமாக எபாக்ஸி. ஒரு குண்டூசி முனையால் தொட்டு வைத்தால் சில மில்லிகிராம் வரும். இறுகியதும் மறுபடி ஓட்டுங்கள். எங்கே நிறுத்துவது? தொழிற்சாலை ஃபேன்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் ஜி6.3 என்ற சமநிலைத் தரத்தை 30 கிராம், 40,000 ஆர்பிஎம்முக்குப் போட்டால், 15 மி.மீ. ஆரத்தில் 3 மில்லிகிராம் மட்டுமே அனுமதி. அதைவிடக் கீழே போக முயல்வது வெட்டி வேலை. அடுத்த முறை ரோட்டரைக் கழற்றி மாட்டினாலே அவ்வளவு மாறும். அதனால் கழற்றும் முன் ரோட்டர், அடாப்டர், ஷாஃப்ட் மூன்றிலும் நேர்கோட்டில் குறி போடுங்கள்.

மெத்தனால்:

தம்பி, ரப்பர் யோசனை முழுத் தப்பு இல்லை. இடம்தான் தப்பு. எலெக்ட்ரிக் வரும் முன்பே குளோ டக்டட் ஃபேன் ஆட்கள் தலையை உடைத்துக்கொண்ட விஷயம் இது.

ஓ.எஸ். மேக்ஸ் 91விஆர்-டிஎஃப் போன்ற எஞ்சினை டைனமேக்ஸ் ஃபேனில் மாட்டினால் 22,000 ஆர்பிஎம் பக்கம் சுற்றும். ஸ்ட்ரோக் 24.8 மி.மீ. பிஸ்டன், பின், கனெக்டிங் ராடின் மேல்பாதி சேர்த்து 12 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு முறை மேலே போய்த் திரும்பும்போதும் கிட்டத்தட்ட 80 கிலோ விசை. கிராங்கின் எதிர் எடை அதில் பாதியைத் தின்னும், மிச்சப் பாதி எங்கேயும் போகாது. ஒற்றை சிலிண்டரில் அதை எடை வைத்து ஒழிக்க முடியாது. ஆகவே அங்கே ரோட்டரை எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் அதிர்வு இருந்தே தீரும். எலெக்ட்ரிக்கில் முன்னும் பின்னும் போகும் எடையே இல்லாததால் வேரிலேயே வெட்டலாம், அந்த அளவில் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அந்த எஞ்சினைக்கூட ஷ்ரௌட்டோடு இரும்பாகத்தான் திருகுவோம், மைக்ரான் சொன்ன அதே நுனி இடைவெளிக் காரணம். எஞ்சின், ஸ்டேட்டர், ஷ்ரௌட் மூன்றும் ஒரே கட்டி. ரப்பர் போடுவதென்றால் அந்த முழுக் கட்டிக்கும் விமான உடலுக்கும் இடையில். டேங்கைத் தனியாக ஃபோமில் சுற்றி வைப்போம். எரிபொருள் நுரைத்தால் காற்றுக் குமிழி கார்புரேட்டருக்குப் போய் எஞ்சின் லீனாகி (எரிபொருள் போதாமல்), முழு வேகத்தில் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ட்யூண்ட் பைப்பையும் (புகைக்குழாய்) ஹெடரோடு (எஞ்சினோடு சேரும் புகைக்குழாய் முனை) சிலிகோன் இணைப்பில் விட்டு, பின்முனையைச் சிலிகோன் வளையத்தில் தொங்கவிடுவோம். இல்லையென்றால் ஹெடர் விரிசல் விடும்.

உங்கள் 70 மி.மீ.க்கு அதே தத்துவம். பேலன்ஸ் முடிந்தபின் தேவைப்பட்டால் ஷ்ரௌட் ஃபிளேஞ்சின் ஒவ்வொரு திருகுக்கும் ஒரு சிலிகோன் கிராமெட் (ரப்பர் போன்ற வளையம்), உள்ளே ஒரு சின்னப் பித்தளைக் குழாய். ஸ்க்ரூ குழாயின் மேல் முறுகி நிற்க வேண்டும், கிராமெட்டை நசுக்கக் கூடாது. எவ்வளவு மெத்தென்று இருக்க வேண்டும்? கட்டி தன் எடையிலேயே 0.025 மி.மீ. அமுங்கினால் அதன் இயல் அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ். ஃபேன் 450-லிருந்து 667 வரை ஓடும்போது அது அதிர்வை நன்றாகவே தடுக்கும். அந்த 100 ஹெர்ட்ஸைத் தாண்டுவது 6,000 ஆர்பிஎம்மில், அங்கே விசை ஒன்றுமேயில்லை. கைக்கு அது கெட்டி ரப்பராகத்தான் தெரியும். கையால் அழுத்தினால் கொழகொழவென்று ஆடும் அளவு மெத்தை தேவையில்லை. தள்ளுவிசை கட்டியின் எடையைப் போலப் பத்து மடங்கு என்றால் கால் மி.மீ. முன்னால் நகரும், அவ்வளவுதான்.

ரப்பர் போட்டவர்கள் பலர் "ஒன்றும் மாறவில்லை" என்பார்கள். போய்ப் பார்த்தால் பின்குழாயை ஷ்ரௌட்டில் எபாக்ஸி போட்டு ஒட்டியிருப்பார்கள். அதிர்வு ரப்பரைச் சுற்றிக்கொண்டு குழாய் வழியாக வாலுக்குப் போகிறது. பின்குழாய் ஷ்ரௌட்டின் மேல் 5 மி.மீ. ஏறி, வெளியே மெல்லிய டேப்பால் மட்டும் மூடியிருக்கட்டும். முன்பக்க உறிஞ்சு குழாய்க்கும் ஷ்ரௌட் உதட்டுக்கும் இடையே 2 மி.மீ. மெல்லிய ஃபோம் டேப், காற்றும் கசியாது. மோட்டார் வயர் மூன்றையும் விறைப்பாக இழுத்துக் கட்டாமல் ஒரு வளைவு விடுங்கள். ஃபேனை உடலோடு தொடுவது கிராமெட் மட்டும்தான் என்ற நிலை வந்தால்தான் அது வேலை செய்யும்.

வால்காற்று:

காலெட் மாத்தினேன், 0.02-க்குள்ள வந்துச்சு. நாலு ஓட்டமும் பண்ணி எபாக்ஸி வெச்சாச்சு. முழு த்ராட்டில் நடுக்கம் கைக்குத் தெரியலை. 60-65ல உறுமல் ரொம்பக் கம்மி, ஆனா முழுசா போகலை, கைரோ ஆன்ல எலிவேட்டர் இன்னும் லேசா துடிக்குது. கிராமெட் போடணுமா, வாலைப் பாக்கணுமா?

மைக்ரான்:

கிராமெட்டைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் எலிவேட்டர் புஷ்ராடு (சர்வோவை எலிவேட்டரோடு இணைக்கும் கம்பி). 1.5 மி.மீ. எஃகுக் கம்பி 300 மி.மீ. நீளம் தாங்கல் இல்லாமல் போனால் அதன் முதல் இயல் அதிர்வெண் 33 ஹெர்ட்ஸ்தான், அதற்கு மேல் 130, 300, 530 என்று அடுக்கடுக்காக வரும். உங்கள் த்ராட்டில் ஏறும்போது ஒன்றில் இல்லாவிட்டால் இன்னொன்றில் மாட்டும். பிளாஸ்டிக் உறைக்குழாயை ஃபோமில் 60 மி.மீ.க்கு ஒரு முறை ஒட்டிப் பிடியுங்கள். அந்த இடைவெளியில் முதல் அதிர்வெண்ணே 800-க்கு மேல் போய்விடும், ஃபேன் அதைத் தொடாது. கிளெவிஸ் (கம்பி முனைக் கொக்கி) பின்னுக்கும் ஹார்ன் (எலிவேட்டரில் உள்ள நெம்புகோல்) ஓட்டைக்கும் ஆட்டம் இருந்தால் ஹார்னை மாற்றுங்கள்.

அடுத்து கைரோ. 450 ஹெர்ட்ஸ் அதிர்வை அது போதிய வேகத்தில் அளவெடுக்காவிட்டால், அதை 5 அல்லது 10 ஹெர்ட்ஸ் ஆட்டமாகத் தவறாகப் புரிந்துகொண்டு சர்வோவுக்குக் கட்டளை அனுப்பும். சர்வோ துடிப்பதற்கு அதுதான் காரணம், விமானம் உண்மையில் ஆடவே இல்லை. கைரோவை ஃபேனிலிருந்து தள்ளி, இறக்கை ஸ்பார் அருகே, 3 மி.மீ. ஃபோம் டேப்பில் வையுங்கள். வயர் விறைப்பாக இழுக்கக் கூடாது. அதற்குப் பிறகும் துடித்தால் கெயினை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

வால் அதற்குப் பிறகும் உறுமினால் பின் உடலின் இரு பக்கமும் 4 மி.மீ. கார்பன் குழாய், ஃபேன் ஃபிளேஞ்சிலிருந்து ஸ்டெபிலைசர் வரை. ஃபோமில் காடி வெட்டி முழு நீளத்துக்கும் ஒட்ட வேண்டும். இரண்டு முனையில் மட்டும் ஒட்டினால் குழாயே தனியாக அதிரும். எடை கூடுவது பின்பக்கம் என்பதால் ஈர்ப்பு மையத்தைத் திரும்பப் பாருங்கள்.

ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கிறீச்சென்று அலறி, விட்டுவிட்டு உதறினால் அது அதிர்வு அல்ல, இஎஸ்சி சிங்க் (மோட்டாரோடு ஒத்திசைவு) தவறுகிறது. அப்போது டைமிங் அமைப்பையும் வயர் நீளத்தையும் பாருங்கள், பேலன்ஸை மறுபடி கிண்ட வேண்டாம்.

லேத்பட்டறை:

லூஸ் ஆன அந்த மோட்டார் ஸ்க்ரூவை மறந்துடாதீங்க. லாக்டைட் போடப் போறீங்கன்னா மோட்டார் உலோகத்துல இறங்குற நூல்ல மட்டும் ஒரு புள்ளி, நீல வகை. அது ஸ்டேட்டர் பிளாஸ்டிக்ல வழிஞ்சா சில பிளாஸ்டிக் முடி மாதிரி விரிசல் விடும், ரெண்டு வாரம் கழிச்சு ஸ்டேட்டர் கையோட வரும். ஸ்க்ரூ தலைக்குக் கீழ ஒரு உலோக வாஷர் போடுங்க, இல்லன்னா பிளாஸ்டிக் அமுங்கி மறுபடி லூஸ் ஆகும். முறுக்குறப்ப எதிரெதிர் ஸ்க்ரூவா, குறுக்குல முறுக்குங்க. முதல் ரெண்டு பேட்டரி ஓடினதும் நாலையும் ஒரு தடவை தொட்டுப் பாத்துடுங்க.